கூனல் துப்பாக்கியில் பாதி

இருந்தவர்கள்:

லவோன் ஹட்சன், மகள், மூத்தவள்.
டெல்மர் ஸ்டப்ஸ், மகன்.
நோரின் ஸ்டப்ஸ், டெல்மரின் மனைவி.
ஆர்விஸ் பெக், மதிப்பிட வந்தவர்.
ஜின்னி, நாய்.

"நாயை எதுக்கு எழுதறே?" என்றான் டெல்மர்.

"இங்கதானே இருக்கு? இருந்தவங்க எல்லாரையும் எழுதணும். நாளைக்கு யாரும் வந்து நான் பாக்கல, கேக்கலன்னு சொல்லக் கூடாது."

லவோன் மெம்ஃபிஸில் ஒரு வக்கீலிடம் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள். தாளின் தலையில் தேதி போட்டு, அதன் கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தாள். மதிப்பிடுகிறவர் வந்ததும் பெயர் எழுத நடுவில் ஒரு வரி விட்டிருந்தாள். நாய் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு, தன் பெயரைக் கேட்டு வாலை ஒரு தடவை தரையில் தட்டியது.

மேசைமேல் துப்பாக்கி கிடந்தது. அப்பாவின் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பழைய ரகம். பின்பக்கம் முதுகு கூன் விழுந்த மாதிரி எழும்பியிருக்கும். அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் முதுகு அப்படித்தான் ஆகியிருந்தது.

அப்பா போன மாதம் செத்துப்போனார். அவர் விட்டுப்போன சொத்து இதுதான். தீவனக் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: துப்பாக்கியை ஒருத்தர் எடுத்துக்கங்க. இன்னொருத்தருக்கு அதோட விலையில பாதியைக் குடுங்க. வாத்து வேட்டை சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிங்க. முடியலைன்னா சர்ச்சுக்குக் குடுத்துடுங்க. சண்டை போடாதீங்க.

சர்ச்சுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மீன் பொரியல் விருந்தில் சீட்டு போட்டுக் குலுக்கி யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். போன தடவை ஒரு துப்பாக்கி லிட்டில் ராக் நகரத்துப் பல் டாக்டர் ஒருவருக்கு விழுந்தது. அவர் அதை வீட்டுச் சுவரில் மாட்டிவைத்து, கீழே ஒரு சின்ன விளக்கும் போட்டிருக்கிறாராம். அந்தப் பேச்சை எடுத்தாலே டெல்மர் எழுந்து போய்விடுவான்.

சீசன் சனிக்கிழமை தொடங்குகிறது. இன்று வியாழன். சாயங்காலத்துக்குள் லவோன் ஊர் திரும்ப வேண்டும்.

டெல்மரிடம் காப்பித் தூள் டப்பாவில் முந்நூறு டாலர் இருந்தது. துப்பாக்கி அறுநூறுக்கு மேல் போகாமலிருந்தால் அது அவனுடையது. பன்னிரண்டு வயதிலிருந்து முப்பத்தொன்பது வருடம், ஒவ்வொரு சீசன் முதல் நாளும், இருட்டு விலகாத தண்ணீரில் அப்பா பக்கத்தில் நின்று அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா எடுத்துக் கொடுத்தவன் அவன். சுட விட்டதே இல்லை. "என் காலம் முடியட்டும்டா," என்பார். இப்போது முடிந்திருந்தது.

அதனால் துப்பாக்கியின் விலையைக் குறைக்க டெல்மர் ஒரு மாதமாகப் பாடுபட்டிருந்தான். எண்ணெய் போட்டுத் துடைக்கவில்லை. கொட்டகையில் போட்டுவைத்தான். தோளில் வைக்கும் மரக்கட்டையில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டவில்லை. முந்தாநாள், இது போதாதென்று, உள்ளே இருக்கும் வளையத்தையும் இடம் மாற்றி மாட்டிவிட்டான். இனி அது முதல் குண்டோடு சிக்கிக்கொள்ளும். அப்பா பார்த்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

பக்கத்து மாவட்டத்துத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் லவோன் போனில் பேசி வைத்திருந்தாள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கதவெல்லாம் சேறு அப்பிய வெள்ளை டிரக் ஒன்று வந்து நின்றது. தொப்பி, குறிப்பு அட்டை, காதில் பென்சில், இடுப்பில் தொங்கும் தோல் பை. இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"வணக்கம்ங்க. ஆர்விஸ் பெக். நான் வந்தது..."

"தெரியும், தெரியும். உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம். உள்ள வாங்க," என்று லவோன் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்து உட்காரவைத்தாள். நோரின் காப்பியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டும் வைத்தாள். டெல்மர் துப்பாக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

கையில் வந்ததும் ஆர்விஸ் மறுபேச்சுப் பேசவில்லை. பின்பக்கம் இழுத்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தார். தோளில் வைத்து, கூரை மூலையைக் குறிபார்த்தார். "ம்ம்ம்," என்றார்.

"கேவலமான நெலமை, இல்ல?" என்றான் டெல்மர். "சேறு. துரு. முதுகு வேற கூனு."

"யாராவது இதைப் பாலிஷ் போட்டாங்களா?"

"யாரு போடப் போறா? யாரும் தொடவே இல்ல!"

"தொடலையா? நெசமா?" ஆர்விஸ் சட்டைக் கையால் கட்டையைத் தடவினார். சேற்றுக்கடியில் பழைய மெருகு பளிச்சென்று எட்டிப்பார்த்தது. "என் மச்சான் ஒருத்தன் இதே மாதிரி ஒண்ணைத் தேய்ச்சு, புதுசா சாயம் ஏத்தினான். பாதி விலை போச்சு. இது அம்மா வயித்துலேருந்து வந்த மாதிரியே இருக்கு. தொள்ளாயிரம் டாலர்."

லவோன் எழுதினாள். தொள்ளாயிரம்.

"அதெப்படிங்க?" என்றான் டெல்மர். "நான் இதை கவனிக்கவே இல்லங்கறேன். கவனிக்காம போட்டதுக்கு விலை ஏறுதா?"

"தம்பி, கவனிக்காம விட்டீங்க பாருங்க, அதான் கவனிப்பு."

"ஏங்க, நம்ம ஜன்னல்கூட அப்படித்தான் கெடக்கு," என்றாள் நோரின் அடுப்பு பக்கத்திலிருந்து. "அதுக்கும் ஒரு விலை போடச் சொல்லுங்க."

டெல்மர் இரவு ஷிஃப்ட் முடிந்து நெல் உலர்த்தும் ஆலையிலிருந்து நேரே வந்தவன். தூங்கவில்லை. கண் எரிந்தது. தொள்ளாயிரத்தில் பாதி நானூற்றைம்பது. டப்பாவில் முந்நூறுதான். ஏதாவது செய்தாக வேண்டும்.

"அது ரொம்பப் பழசு அண்ணே. எங்க செஞ்சதுன்னே தெரியாது. குழலுக்கடியில என்னவோ கிறுக்கியிருக்கு பாருங்க. யாரோ ஆணியால கீறின மாதிரி."

ஆர்விஸ் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். துப்பாக்கியைக் கவிழ்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது கிறுக்கல் இல்ல. முத்திரை. பெல்ஜியம்."

"பெல்ஜியம்னா?" என்றாள் லவோன்.

"பெல்ஜியத்துல செஞ்சதுங்க. பின்னாடி வந்ததெல்லாம் வேற ஊருல செஞ்சது. எங்க சித்தப்பா சாகற வரைக்கும் இப்படி ஒண்ணுக்கு ஏங்கினார். ஆயிரத்து நானூறு."

"உங்க சித்தப்பா ஏங்கினதுக்கு விலை ஐநூறு டாலர் ஏறணுமா?" டெல்மர் எழுந்துவிட்டான். "இது என்ன நியாயம்? நான் கடைக்கு ஒரு சட்டை வாங்கப் போனா, அழுக்குப் படிஞ்சு எழுத்து கிறுக்கினதுன்னா தள்ளுபடி பண்ணித் தருவான். இங்க மட்டும் தலைகீழா?"

"உக்காரு டெல்மர்," என்றாள் லவோன், எழுதிக்கொண்டே.

"நீ பேசாதே. உனக்குத் துப்பாக்கி எந்தப் பக்கம் சுடும்னே தெரியாது."

"தெரியாதுதான். யாரு சொல்லிக்குடுத்தா? முப்பத்தொம்பது வருஷம் அப்பாவும் நீயும் போனீங்களே, ஒரு நாளாவது லவோன், நீயும் வாடின்னு கூப்பிட்டாரா? நான் கொண்டு வந்த சூப்பைத்தான் ரெண்டு பேரும் குடிச்சீங்க." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கடைசி எட்டு மாசம் வீட்டுல வெச்சு அவருக்கு மாத்திரை குடுத்தது யாரு? நான்தானே? படுக்கை மாத்தினது யாரு? நீ ரெண்டு தடவை வந்தே. ரெண்டு தடவையும் மழையில வாத்து எங்க இறங்கிச்சுன்னு பேசிட்டுப் போனே. இதுல பாதி எனக்கு வேணும். ஒரு சென்ட் குறையக் கூடாது. கடனும் சொல்லக் கூடாது."

ஆர்விஸ் கிழங்குப் பலகாரத்தை முள்கரண்டியால் மெல்ல வெட்டினார்.

அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் டெல்மருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சரி," என்றான். "பெல்ஜியமோ எந்த இழவோ, சுடாத துப்பாக்கிக்கு என்ன விலை? அது வேலையே செய்யாது. வெளிய வாங்க, காட்டறேன்."

எல்லோரும் பின்பக்கம் போனார்கள். வயல் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஆள் நடமாட்டம் இல்லை. நோரின் ஒரு பழைய தகரத் தட்டை வேலிக் கம்பத்தில் சொருகிவிட்டு வந்தாள். டெல்மர் லேசு ரகத் தோட்டா மூன்றைப் போட்டு, சுட்டான். தட்டு ஆடியது. காலித் தோட்டா பாதி வெளியே வந்து பக்கவாட்டுத் துளையில் மாட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" டெல்மருக்கு ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "இது துப்பாக்கி இல்ல. விறகு. எழுதிக்க அக்கா, வேலை செய்யாது!"

ஆர்விஸ் துப்பாக்கியை வாங்கி, மாட்டியிருந்த தோட்டாவைத் தட்டிவிட்டு, மிச்சத்தையும் இறக்கினார். படியில் உட்கார்ந்து முன்பக்கத் திருகைக் கழற்றினார். மரத்தை உருவினார். ஸ்பிரிங்கின் மேலிருந்த வளையத்தை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார்.

"கனமான தோட்டாவுக்குத்தான் இது ஸ்பிரிங்குக்கு மேல. லேசுத் தோட்டாவுக்குக் கீழ இருக்கணும். துப்பாக்கின்னா என்னன்னே தெரியாத எவனோ ஒரு முட்டாப்பய மாட்டியிருக்கான்."

டெல்மரின் கழுத்து சிவந்தது. அந்த வளையத்தை ஒன்பது வயதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவன் அவன். வாயைத் திறந்தான். நோரின் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடினான்.

ஆர்விஸ் வளையத்தைக் கீழே போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, மூன்று தோட்டா ஏற்றினார். டப், டப், டப். மூன்று காலித் தோட்டாவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து புல்லில் விழுந்தன. தட்டு கம்பத்தோடு போய்விட்டது.

"அடேயப்பா," என்றார் ஆர்விஸ். "வெண்ணெய் மாதிரி ஓடுது. இரண்டாயிரத்து நூறு."

"ஆயிரத்து நானூறுன்னு சொன்னீங்க!"

"அது ஓடும்னு தெரியறதுக்கு முன்னாடி."

உள்ளே திரும்பியதும் டெல்மர் நாற்காலியில் உட்காரவில்லை. அடுப்புக்கும் மேசைக்கும் நடந்தான். நாய் அவன் பின்னாலேயே நடந்தது.

"ஓடும், சரி. குறி? குறி எங்க? இதுல யாரும் எதையும் அடிக்க முடியாது. எங்கப்பா அடிச்சார்னா அது அவரோட பழக்கம். வேற யார் கையில குடுத்தாலும் வானத்துலதான் ஓட்டை. ஒரு தடவை கவர்னரே வந்தார். அவரோட துப்பாக்கி தண்ணில விழுந்துடுச்சுன்னு அப்பா இதைக் குடுத்தார். காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் சுட்டார் மனுஷன். ஒரு வாத்துகூட விழல! வாத்தெல்லாம் அவரைச் சுத்திச் சுத்திப் பறந்துச்சு!"

"ஏங்க," என்றாள் நோரின். "வாயை மூடுங்க."

"எதுக்கு மூடணும்? உண்மையைத்தானே சொல்றேன்?"

"கவர்னரா?" என்றார் ஆர்விஸ். "இந்தத் துப்பாக்கியாலயா?"

டெல்மர் நின்றான்.

"போட்டோகூட இருக்கு," என்றாள் லவோன். "அப்பா ஆல்பத்துல. நான்தான் எடுத்தேன். கரையில நின்னு. கரை வரைக்கும் நான் வரலாம்னு அப்பா சொல்லியிருந்தார் அன்னைக்கு."

"அம்மா," என்றார் ஆர்விஸ், "கதையோட வர்ற துப்பாக்கி வேற. சும்மா துப்பாக்கி வேற. இரண்டாயிரத்து அறுநூறு. இதுக்கு மேல என்னைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"அந்தாளு ஒண்ணையும் அடிக்கலைங்கறேன்!" டெல்மர் கத்தினான். "அடிக்காததுக்கு ஐநூறு டாலரா? அடிச்சிருந்தா?"

"அடிச்சிருந்தா மூவாயிரம்," என்றார் ஆர்விஸ்.

லவோன் கடைசி விலைக்குக் கீழே கோடு போட்டாள். பாதி, ஆயிரத்து முந்நூறு. தாளைச் சுழற்றி டெல்மர் பக்கம் தள்ளினாள். "நீ எடுத்துக்கறியா, நான் எடுத்துக்கவா? நான் எடுத்தா உனக்குக் குடுக்க என்கிட்ட அவ்வளவு இல்ல. அப்போ சர்ச்சுக்குத்தான்."

பல் டாக்டரின் சின்ன விளக்கு டெல்மரின் கண்ணுக்கு முன் எரிந்தது.

டப்பாவை எடுத்துவந்து மேசைமேல் கவிழ்த்தான். முந்நூறு. "மிச்சத்துக்கு என் படகை எடுத்துக்க. உன் புருஷன் அதைப் பாக்கும்போதெல்லாம் எச்சில் ஊறி நிக்கறான். ரெண்டாயிரம் பெறும். மீதியை நீ குடு."

லவோன் ஆர்விஸைப் பார்த்தாள். "படகையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

ஆர்விஸ் ஜன்னலிலிருந்து பார்த்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. "அலுமினியம். எத்தனை வருஷம்?"

"பதினொண்ணுதான்!"

"பதினொண்ணா? நானூறு."

"என்னது?"

"பழசாச்சே தம்பி."

டெல்மர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டான். "துப்பாக்கி பழசானா விலை ஏறுது. படகு பழசானா விலை எறங்குதா? துப்பாக்கியில இருக்கற சேறு தங்கம், படகுல இருக்கற சேறு சேறா? கவர்னர் அந்தப் படகுல கூடத்தான் உக்காந்திருப்பார்!"

"பதினொரு வருஷப் படகுல எப்படி உக்காந்திருப்பார்? அவர் வந்து இருபது வருஷமாச்சு," என்றாள் லவோன்.

"மோட்டார் இருநூத்தம்பது," என்றார் ஆர்விஸ், கேட்காமலே.

"தொள்ளாயிரத்து ஐம்பது ஆச்சு," என்றாள் லவோன். "இன்னும் முந்நூத்தம்பது."

டெல்மர் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். சோபா. டிவி. நோரின். நோரின் கையில் தோசைக்கரண்டி மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அவன் பார்வை தன்மேல் ஒரு நொடிக்கு மேல் நிற்காதபடி பார்த்துக்கொண்டாள். கடைசியில் அவன் கண் கீழே போனது.

"வேண்டாம்," என்றாள் நோரின்.

"அது வாத்தை எடுத்துவர நல்லாப் பழக்கின நாய்," என்றான் டெல்மர். "நானே பழக்கினது. ஆயிரம் டாலர் பெறும்."

ஆர்விஸ் மேசைக்கடியில் குனிந்தார். ஜின்னி அவர் கையை நக்கியது. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "அருமையான நாய். ஆனா சாப்பிடும். துப்பாக்கி சாப்பிடாது. முந்நூத்தம்பது."

லவோன் எழுதினாள். டெல்மர் கையெழுத்துப் போட்டான். நோரின் போட மாட்டேன் என்றாள், பிறகு அழுத்திப் போட்டாள், தாள் கிழிந்தது. ஆர்விஸ் சந்தோஷமாகப் போட்டார். "நானும் உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்," என்று தன் அட்டையைத் தொட்டுக்காட்டினார். யாரும் காதில் வாங்கவில்லை.

லவோன் கிளம்பும்போது மணி ஒன்று. அவள் வண்டிக்குப் பின்னால் படகு. படகில் மோட்டார். அவள் பக்கத்து இருக்கையில் ஜின்னி, ஜன்னல் வழியே தலையை நீட்டி, காற்று வாங்கப் போகிற சந்தோஷத்தில் இருந்தது. லவோன் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டாள். "சண்டை போடாம முடிஞ்சுது," என்றாள். வண்டி சாலையில் திரும்பி மறையும்வரை டெல்மர் வாசலில் நின்றான்.

உள்ளே வந்து துப்பாக்கியை எடுத்தான். இனி அது அவனுடையது. முழுசாக. தோளில் வைத்துப் பார்த்தான். கன்னத்தில் கட்டை சரியாகப் பொருந்தியது.

"சனிக்கிழமை தண்ணிக்கு நடுவுல எப்படிப் போவீங்க?" என்றாள் நோரின். "நீந்தியா? அடிச்ச வாத்தை யாரு எடுத்துட்டு வருவா? நானா? குலைக்கவும் பழகிக்கட்டுமா?"

"இரண்டாயிரத்து அறுநூறு டாலர் துப்பாக்கிடி," என்றான் டெல்மர். "சும்மா இல்ல. விஷயம் தெரிஞ்ச மனுஷன் மதிப்புப் போட்டது."

ஆர்விஸ் பலகாரத்தில் இரண்டாவது துண்டையும் முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தொப்பியை வைத்துக்கொண்டார். குறிப்பு அட்டையில் ஒரு தாளைப் புரட்டி, காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"பலகாரம் அருமைங்க. சரி, நான் சமையல் கேஸ் கம்பெனியிலேருந்து வர்றேன். உங்க டாங்க் எந்தப் பக்கம்னு காட்டினீங்கன்னா, கசிவு இருக்கான்னு பாத்துட்டுக் கிளம்பிடுவேன்."

டெல்மர் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். மிகவும் கவனமாக வைத்தான். ஆர்விஸின் முழங்கையைப் பிடித்து வாசல்வரை நடத்திப்போய், வெளியே விட்டான். கதவைச் சாத்தினான். பூட்டினான்.